உனக்கு எதுக்குத் துப்பாக்கி?

இந்தியாவில் தனிமனிதர் ஒருவர் துப்பாக்கி உரிமம் கேட்டு எழுத வேண்டிய படிவத்துக்கு ஏ-1 என்று பெயர். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளோடு வந்தது. அதற்கு முன்னால், 1962 விதிகளில், வெறும் 'ஏ'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். துப்பாக்கியைப் பற்றிய கேள்விகள் சொற்பம். என்ன ரகம் வேண்டும், எங்கே பத்திரமாக வைப்பீர்கள், எந்த எல்லைக்குள் எடுத்துச் செல்வீர்கள், அவ்வளவுதான். மீதியெல்லாம் ஆளைப் பற்றியது. அப்பா பெயர், எத்தனை நாளாக இந்த முகவரியில் இருக்கிறீர்கள், என்ன தொழில், தண்டனை பெற்றதுண்டா, அமைதி காப்பேன் என்று எப்போதாவது பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததுண்டா, இதற்கு முன் கேட்டு மறுக்கப்பட்டதுண்டா. முகவரிக்குக் கீழேயே, உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள காவல் நிலையம் எது என்று ஒரு கட்டம்.

அந்தக் கட்டம்தான் முக்கியம். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கோ, சென்னை போன்ற நகரங்களில் காவல் ஆணையருக்கோ போகலாம். ஆனால் அது திரும்பி வந்து உட்காரும் இடம் அந்த ஸ்டேஷன். இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று எழுதப்போகிறவர் அங்கேதான் இருக்கிறார்.

எல்லோர் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. ஒரு ஊரில் துப்பாக்கி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றே நினைக்கிறேன். என் கேள்வி வேறு. குறைவாகத்தான் கொடுப்போம் என்று ஒரு அரசு முடிவு செய்தால், அந்தக் குறைவான பேர் யார்? அதை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? நம் நாட்டில் உரிமத்தின் இருநூறு வருஷ வரலாற்றைப் புரட்டினால், அரசு யாரை நம்பியது, யாரை நம்பவில்லை என்கிற பட்டியல் கிடைக்கிறது. அந்தப் பட்டியல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பட்டியல் போடும் மேசை மட்டும் பெரிதாக மாறவில்லை.

காவல் என்கிற சொல்

தெற்கத்திப் பக்கம் 'காவல்' என்பது ஒரு காலத்தில் போலீஸைக் குறித்த சொல் அல்ல. ஊருக்கு ஊர் காவல்காரர் இருந்தார். களத்து நெல்லுக்கும் கிடை ஆட்டுக்கும் அவர் பொறுப்பு. களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். அதற்கு அவருக்கு விளைச்சலில் ஒரு பங்கு. அதற்கு மேலே பாளையக்காரர்கள் வாங்கிய மேல்காவல், தேசகாவல். காவல் என்றால் ஆயுதம். வேல், வாள், வளரி, மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி, எல்லாம் ஊருக்குள்ளேயே இருந்தன. அது ஏதோ பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். காவல்கூலி கொடுக்காத ஊரில் காவல்காரரே கை வைத்த கதைகளும் உண்டு.

1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலும், நவம்பரில் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களில் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது; இருப்பதை ஒப்படைக்க வேண்டும். கோட்டைகள் இடிக்கப்பட்டன. பிளாசியில் ஜெயித்த ராபர்ட் கிளைவின் மகன்தான் இந்த எட்வர்டு.

அந்தப் பிரகடனத்தில் விண்ணப்பம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அது தோற்றவனிடமிருந்து பறிப்பது. ஒருவர் ஒருவராகத் தகுதி பார்த்துக் கொடுப்பது என்கிற யோசனைக்கு முதலில் ஒரு போலீஸ் வேண்டும். சென்னை மாகாணத்துக்கு அது 1859-இல், அந்த வருடத்து 24-ஆம் சட்டத்தின் வழியாக, வந்தது. சீருடை, சம்பளம், மாகாணம் முழுக்க ஒரே தலைமை. ஊர்க் காவல்காரரின் வேலையை இந்தப் புதிய படை எடுத்துக்கொண்டது. பேரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. இன்றைக்கு ஊரில் 'காவல் நிலையம்' என்று பலகை மாட்டியிருக்கிறோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்ததுதான். அடுத்த ஆண்டே, 1860-இல், 1857 எழுச்சியின் சூடு ஆறும் முன்பே ஆயுதங்களுக்கான சட்டமும் வந்துவிட்டது. போலீஸும் உரிமமும் ஏறக்குறைய ஒரே பிரசவம்.

ஒரே வருடத்தில் இரண்டு பூட்டு

நாடு முழுவதையும் ஒரே கயிற்றில் கட்டியது 1878-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம், இந்திய ஆயுதச் சட்டம். வைஸ்ராய் லிட்டன் பிரபு. அதே வருடத்தின் 9-ஆம் சட்டம் எது தெரியுமா? இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம். இரண்டு எண்கள்தான் இடைவெளி. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு வந்து சில ஆண்டுகளில் எடுத்துவிட்டார். அதற்காகவே அவரை நம் ஊர் இன்னும் நன்றியோடு நினைக்கிறது. ஆயுதச் சட்டத்தை அவரும் தொடவில்லை.

அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குள் துப்பாக்கி மட்டும் இல்லை. வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு எல்லாம் அடக்கம். ஆனால் மக்களை உறுத்தியது அந்தப் பட்டியல் இல்லை. சட்டத்தின் 27-ஆம் பிரிவு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அதைப் பயன்படுத்தி, ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் உரிமமே தேவையில்லை என்று விதி செய்தார்கள். ஒரு இந்தியர் வக்கீலாக, நீதிபதியாகக்கூட இருக்கலாம். அவர் மனுப் போட வேண்டும். பக்கத்து பங்களாவில் குடியிருக்கும் வெள்ளைக்காரக் குமாஸ்தா போட வேண்டியதில்லை.

விலக்கில் இன்னொரு ரகமும் உண்டு. குடகு மக்களுக்கு, அவர்களுடைய வீரத்தையும் விசுவாசத்தையும் புகழ்ந்து, 1861-இலேயே மைசூர் ஆணையர் மார்க் கப்பன் விலக்கு அளித்தார். 1834-இல் கம்பெனி குடகைச் சேர்த்துக்கொண்ட பிறகு அந்த மக்கள் பெருமளவு அரசுக்குத் துணையாக இருந்தார்கள். அந்த விலக்கு சுதந்திரத்துக்குப் பின்னும் தொடர்ந்தது. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கை 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கைல்பொல்து பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அது அவர்களின் பண்பாடு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1801-இல் எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் மனு எழுதினார்கள். ஆதரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதவில்லை. இரண்டு பகுதியிலும் வீரத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

சென்னை மாகாணத்தில் மறுபக்கமும் நடந்தது. 1871-இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் நம் மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒருவரைக் குற்றவாளிப் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை வாங்கினார்கள். பழைய காவல்காரச் சமூகங்கள் சிலவும் அந்தப் பதிவேட்டுக்குள் போயின. நேற்று வரை ஊருக்கே காவல் என்றிருந்தவர் இன்று இரவு ஸ்டேஷன் திண்ணையில் படுக்க வேண்டும். குடகில் பிறப்பே உரிமம். இங்கே பிறப்பே மறுப்பு. இரண்டு இடத்திலும் ஆளைத் தனியாக நிறுத்தி யாரும் பார்க்கவில்லை.

பூட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சுவரில் ஓட்டை இருந்தால் என்ன செய்வது? அதே 1911-இல், ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. வ.வே.சு. ஐயர் போன்றவர்கள் அப்போது தங்கியிருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. லிட்டனின் சட்டம் அங்கே செல்லாது. விண்ணப்பிக்காதவர்களை விண்ணப்பப் படிவம் ஒருநாளும் தடுத்ததில்லை. இது இன்றைக்கும் பொருந்தும்.

காங்கிரஸ் கேட்டது

ஆயுதச் சட்டத்துக்கு எதிராகக் காங்கிரஸ் முதலில் தீர்மானம் போட்டது நம் சென்னையில்தான். 1887 டிசம்பர், மூன்றாவது மாநாடு, ஆயிரம் விளக்குப் பக்கம் மக்கீஸ் தோட்டத்தில் பந்தல். தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. 607 பிரதிநிதிகள். சட்டத்தை ஒழி என்று அவர்கள் சொல்லவில்லை. மாற்றுங்கள், இது மக்களின் விசுவாசத்தின் மேல் வைத்த தகாத பழி என்றார்கள். அந்தக் காலத்து மிதவாதிகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை; தகுதி இல்லாதவன் என்று எழுதப்படுவதைத்தான் தாங்க முடியவில்லை.

காந்தியும் இதில் பேசியிருக்கிறார் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கையில், 1918-இல், ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணி ஆக்கிய சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தவறுகளிலேயே மிகக் கறுத்ததாக வரலாறு பார்க்கும் என்ற கருத்தில் எழுதினார். அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன சொன்னார் என்பதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1930 ஜனவரியில், உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்பு, இர்வின் பிரபுவிடம் அவர் வைத்த 11 கோரிக்கைகள். கடைசிக் கோரிக்கை, தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்பது. அதோடு ஒரு நிபந்தனை: அந்த உரிமம் மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும். அகிம்சைவாதி துப்பாக்கி கேட்டார் என்பதை விட, கொடுக்கும் மேசையை மாற்றச் சொன்னார் என்பதே அதில் விஷயம். அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸ் தீர்மானமும், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்கள் உரிமைகளில் சேர்த்துக்கொண்டது.

சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் எழுந்து, கராச்சியில் சொன்னதைச் சட்டத்தில் எழுதுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. கடைசியில் நம் அரசியல் சாசனத்தில் ஆயுதம் என்ற சொல் அடிப்படை உரிமைப் பகுதியில் வருவது 19-ஆவது பிரிவில், கூடும் உரிமையில்: அமைதியாக, ஆயுதம் இல்லாமல் கூடலாம். பிரிவினைக் கலவரங்கள் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காந்தியைச் சுட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த முடிவை இன்றும் சரி என்றே சொல்வேன். ஆனால் உரிமை இல்லை என்று ஆன பிறகு மிஞ்சுவது சலுகை. சலுகை என்றால் கொடுக்கிற கை ஒன்று இருக்கும்.

1959: நல்ல சட்டம், பழைய மேசை

1878 சட்டம் 1962 வரைக்கும் உயிரோடு இருந்தது. 1959-இல் நிறைவேறிய புதிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் நாட்டையே நிராயுதபாணி ஆக்க வந்தது என்பதைப் புதிய சட்டத்தின் நோக்க உரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கத்தி, ஈட்டி, வில் போன்றவற்றுக்குப் பொதுவாக உரிமம் வேண்டாம் என்று ஆனது.

சட்டத்தின் வாசகம் உண்மையிலேயே கண்ணியமானது. 13-ஆம் பிரிவு: மனு வந்ததும் அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரியிடம் அறிக்கை கேட்க வேண்டும். விவசாயி ஒருவர் உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், தடை எதுவும் இல்லாதபோது, கொடுக்க வேண்டும். 14-ஆம் பிரிவு: மறுப்பதானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அதே பிரிவில் இன்னொரு வரி, ஒருவருக்குப் போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து உரிமத்தை மறுக்கக் கூடாது. இந்த வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் இன விலக்கு போன பின்பும் பட்டம் வாங்கியவர்களுக்கும் பெரும் நிலக்காரர்களுக்கும் தனி வழி இருந்தது. அந்த வழியை மனதில் வைத்துத்தான் யாரோ இதை எழுதியிருக்க வேண்டும்.

பிறகு வந்த திருத்தங்களும் எண்ணிக்கையிலும் காலத்திலும் கவனம் வைத்தன. 1983-இல் ஒருவருக்கு அதிகபட்சம் 3 துப்பாக்கி என்றார்கள். 2019-இல் அது 2 ஆனது. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகியது. 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கின்றன. காவல் துறை 30 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்து 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடுவும் வைத்தன. அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் உத்தரவு போடலாம் என்றுகூட 13-ஆம் பிரிவில் இருக்கிறது. போடலாம். போட்ட கலெக்டரை நான் கேள்விப்பட்டதில்லை. ஸ்டேஷன் வாயைத் திறக்காத ஒரு ஆளுக்குத் துப்பாக்கியைக் கொடுத்து, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

மலையடிவாரத்தில்

நான் வளர்ந்தது தென்காசிப் பக்கம் ஒரு மலையடிவார ஊர். காடு இறங்கி வரும் ஊர். கடலைக் கொல்லையில் பன்றி விழுந்தால் ஒரு ராத்திரியில் அரை ஏக்கர் உழுதுவிட்டுப் போய்விடும். என் பெரியப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பன்றியைச் சுடக் கூடாது, அது வன உயிரினச் சட்டத்தில் வரும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டு விரட்டத்தான். உரிமம் என் தாத்தா பெயரில் இருந்து அவருக்கு வந்தது. புதுப்பிக்கும் காலம் வந்தால் ஸ்டேஷனில் ரைட்டர், "வாங்க அண்ணாச்சி" என்று நாற்காலி இழுத்துப் போடுவார். வி.ஏ.ஓ., தாசில்தார், எல்லா அறிக்கையும் தானாக நடக்கும். தேர்தல் அறிவித்தால் எல்லோரையும் போல் அவரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். முடிவு வந்ததும் துணி சுற்றிக்கொண்டு திரும்பி வரும். அந்த நாற்காலி அவருடைய நன்னடத்தைக்காகவா, எங்கள் தெருவுக்காகவா என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த கொல்லையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் காலனித் தெருக்காரர். அதே காடு, அதே பன்றி. இரண்டு வருஷம் தொடர்ந்து கடலை போன பிறகு, தனக்கும் ஒரு உரிமம் கிடைக்குமா என்று பெரியப்பாவிடம் கேட்டார். "ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லிட்டு அப்புறம் கலெக்டராபீஸுக்குப் போ" என்று அவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். போனவரிடம் அங்கே கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஒனக்கு எதுக்குய்யா துப்பாக்கி?"

பன்றிக்கு என்றார். சிரித்தார்களாம். "பன்னிக்கா, ஆளுக்கா?" என்று ஒருவர் கேட்டாராம். அதற்கு மேல் அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. திரும்பி வந்து தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் கட்டி, ராத்திரி முழுக்கக் கயிற்றை ஆட்டிக்கொண்டு பரணில் உட்கார்ந்திருந்தார்.

சட்டப்படி அவருக்கு உரிமம் மறுக்கப்படவில்லை. காரணத்தை எழுதி வைக்கச் சொல்லும் 14-ஆம் பிரிவு, மறுப்புக்குத்தான் பொருந்தும். மறுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு மனு இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஒரு உத்தரவு இருக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கு எண் கிடையாது, தேதி கிடையாது. எந்த ஆவணக் காப்பகத்தில் தேடினாலும் அது கிடைக்காது. உரிமங்களின் வரலாற்றை எழுத உட்காருகிற எவருக்கும் இதுதான் சிக்கல்: கொடுத்ததற்குப் பதிவேடு உண்டு, மறுத்ததற்குக் கோப்பு உண்டு, கேட்கவிடாமல் செய்ததற்கு ஒன்றும் இல்லை.

மான்ட்காமரியில்

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. துப்பாக்கியை உரிமையாகவே எழுதி வைத்திருக்கும் அமெரிக்காவிலும், அதை மறைத்து எடுத்துச் செல்ல உள்ளூர்க் காவல் அதிகாரியின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் பல மாநிலங்களில் நெடுங்காலம் இருந்தது. நியூயார்க்கில் 1911-இல் சல்லிவன் சட்டம் வந்தது. தகுந்த காரணம் உண்டா, நல்ல நடத்தை உண்டா என்பதை அதிகாரி பார்ப்பார். அலபாமா மாநிலத்திலும் தகுதி பார்ப்பது அதிகாரியின் விருப்பத்தில் இருந்தது.

1956 ஜனவரி 30 அன்று மான்ட்காமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். கிங் உள்ளூர் ஷெரீப் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். வீட்டில் குண்டு வெடித்தவரைவிடத் தகுந்த காரணம் யாருக்கு இருந்திருக்க முடியும்? பிறகு கிங் தன் வீட்டில் துப்பாக்கியே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். அது அவர் எடுத்த முடிவு. அதை அவருக்காக வேறொருவர் எடுத்தது வேறு கதை. 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் அந்தத் 'தகுந்த காரண' நிபந்தனையை ரத்து செய்தது. அதனால் தெருவில் துப்பாக்கிகள் பெருகும் என்று அஞ்சுகிறவர்களோடுதான் நான் இருக்கிறேன். ஆனால் ரத்தானதற்காக அழும்போது, அந்த நிபந்தனை யார் யாரைத் திருப்பி அனுப்பியது என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் விதி

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூலி உயர்வில் தொடங்கிய தகராறு. தெருவைச் சூழ்ந்து வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. குடிசைக்குள் ஒளிந்தவர்களிடம் எதுவும் இல்லை. 44 பேர் எரிந்தார்கள்; பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இதுபோன்ற எத்தனையோ சம்பவங்களுக்குப் பிறகு 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 1995-இல் அதன் விதிகளும் வந்தன. விதிகளில் மூன்றாவதை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம் என்று தெரியவில்லை. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை, தேவைப்பட்டால், ரத்து செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கு அடுத்த உட்பிரிவு: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவை என்று கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும்.

1801-இலிருந்து இங்கே வந்து சேர ஏறக்குறைய இருநூறு வருஷம். நம்பத் தகுந்தவர் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிய முதல் அரசு வாசகம் என்று நான் இதைத்தான் சொல்வேன். இத்தனை நாள் யாரிடமிருந்து ஊரைக் காக்க உரிமம் கொடுத்தோமோ, அவர்களுக்கே அவர்களைக் காத்துக்கொள்ள உரிமம்.

இதற்காக ஒவ்வொரு காலனியிலும் துப்பாக்கி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பேனா? மாட்டேன். முதல் பாதியை ஒழுங்காகச் செய்தாலே போதும். பிரச்சினைக்குரிய ஊரில் ஆதிக்கத்தின் கையில் இருப்பதை வாங்கி வைத்தாலே பாதி பயம் போய்விடும். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு மாதம் அதைச் செய்யத்தான் செய்கிறோம். ஓட்டுப் பெட்டியைக் காப்பாற்ற முடிகிற வழி, தேர் ஓடும் நாளிலும் கோயில் நுழைவு நாளிலும் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

இரண்டாம் பாதியில் உள்ள முடிச்சும் சாதாரணமானதல்ல. இரு தரப்பு மோதல் என்று வந்துவிட்டால் ஸ்டேஷனில் வழக்கமாக நடப்பது என்ன? புகார் கொடுத்தவர் மேலும் ஒரு எதிர்வழக்கு. இரு பக்கமும் அமைதி காப்போம் என்று பிணைப் பத்திரம். ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, அந்தப் பத்திரம் நடப்பில் இருக்கும் காலம் முழுக்க அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அடி வாங்கியவர் ஏ-1 படிவத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தால், பிணைப் பத்திரம் கொடுத்ததுண்டா என்ற கேள்விக்கு உண்மையாக 'ஆம்' என்று எழுத வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று காட்டினால்தான் உரிமம். ஆபத்தைச் சொல்லிப் புகார் கொடுத்ததாலேயே உரிமம் இல்லை.

மூன்றாம் விதியில் 'தேவை என்று கருதினால்' என்று இருக்கிறதே, கருத வேண்டியவர் மாநில அரசு. மாநில அரசு ஆட்சியரைக் கேட்கும். ஆட்சியர் கண்காணிப்பாளரைக் கேட்பார். கண்காணிப்பாளர் அருகிலுள்ள காவல் நிலையத்தைக் கேட்பார். அங்கே ரைட்டர் மேசையில் ஒரு கோப்பு திறக்கும். எழுதப்போகிறவர் முதலில் கேட்கப்போகும் கேள்வியை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.